நிக்கல் தடை: இந்தோனேசியா பிடித்தது எது, நழுவவிட்டது எது

இந்தோனேசியா 2020 ஜனவரி 1 முதல் நிக்கல் தாது ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. அன்றிலிருந்து கனிம வளமுள்ள வளரும் நாடுகளைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இந்தத் தடை மேற்கோளாக வந்துவிடுகிறது. மண்ணை அள்ளி விற்றுக்கொண்டிருந்த நாடு, "வேண்டுமென்றால் இங்கே வந்து ஆலை கட்டு" என்று அடம்பிடித்துக் காரியம் சாதித்தது என்பது அதன் சுருக்கம். காரியம் சாதித்தது உண்மைதான். 2024இல் உலகம் தோண்டிய நிக்கலில் ஏறத்தாழ 60 சதவீதம் இந்தோனேசியாவுடையது. ஆலை வந்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆலையின் வருமானம் எந்தெந்தக் கைக்கு எப்படிப் பிரிகிறது என்ற பேச்சு குறைவு. என் கணிப்பில் இந்தக் கொள்கையின் தலைவிதி தடை ஆணையில் இல்லை. விலைச் சூத்திரம், வரி விலக்கு, சுரங்க அனுமதி என்ற மூன்று சலிப்பூட்டும் காகிதங்களில் இருக்கிறது. அவை எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் வெளிநாடுகளிடம் பேசும்போது ஜகார்த்தாவின் குரலும் உறுதி.

முதலில் மண்ணின் கணக்கு. சுலாவெசி, ஹல்மஹேரா தீவுகளில் நிக்கல் பாதாளத்தில் கிடக்கவில்லை. செம்மண் மலைச்சரிவில், மேற்பரப்பிலிருந்து சில பத்து மீட்டருக்குள் இருக்கிறது. பெரும்பாலும் வெடி வைக்கத் தேவையில்லை, எக்ஸ்கவேட்டரால் அள்ளிவிடலாம். மேலடுக்கு லிமோனைட்: இரும்பு அதிகம், நிக்கல் 1 முதல் 1.4 சதவீதம். கீழடுக்கு சாப்ரோலைட்: நிக்கல் 1.5க்கு மேல், நல்ல இடங்களில் 2 சதவீதத்தைத் தொடும். இரண்டிலுமே மூன்றில் ஒரு பங்கு ஈரம். 1.7 சதவீதத் தாதுவை எடுத்து, உலையில் அதன் நிக்கலில் 93 சதவீதம் மீள்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் நிக்கலுக்கு 63 டன் உலர்ந்த தாது வேண்டும். ஈரத்தோடு எடை போட்டால் ஏறத்தாழ 95 டன். அதே ஒரு டன் நிக்கலை, 12 சதவீத நிக்கல் பிக் அயர்னாக (எஃகு ஆலைகள் வாங்கும், நிக்கல் கலந்த இரும்பு) உருக்கி அனுப்பினால் எட்டரை டன்னுக்குள் அடங்கிவிடும்.

அதாவது தடைக்கு முன் சீனத் துறைமுகங்களுக்குப் போன தாதுக் கப்பல்களில் மூன்றில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். அதற்கும் சேர்த்துத்தான் கப்பல் வாடகை. ஆபத்தும் உண்டு. ஈரம் வரம்பு மீறினால் கப்பலின் குலுக்கலில் தாது கூழாகி ஒரு பக்கம் சரியும், கப்பல் கவிழும். 2010இன் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் இந்தோனேசியாவிலிருந்து சீனாவுக்கு நிக்கல் தாது ஏற்றிச் சென்ற மூன்று கப்பல்கள் மூழ்கின. ஆக, சுரங்கத்துக்குப் பக்கத்தில் உலை வைப்பதில் பொருளாதார நியாயம் இருந்தது. தடை அந்த நியாயத்தைக் கட்டாயமாக்கியது, அவ்வளவுதான்.

சட்டம் நேர்கோட்டில் நடக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கனிமச் சட்டம், ஐந்தாண்டுக்குள் உள்நாட்டிலேயே பதப்படுத்த வேண்டும் என்றது. 2014 ஜனவரியில் யுதோயோனோ அரசு தாது ஏற்றுமதியைத் தடுத்தது. 2017 ஜனவரியில் ஜோகோ விடோடோ அரசு 1.7 சதவீதத்துக்குக் குறைந்த தாதுவுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும், அரசுச் சுரங்க நிறுவனமான அந்தாமின் பண நெருக்கடியும் காரணங்கள். 2022 வரை திறந்திருக்கும் என்றிருந்த கதவை, 2019இல் திடீரென்று இரண்டாண்டு முன்னதாகவே மூடப்போவதாக அறிவித்தார்கள். முதலில் தடையை நம்பி உலை கட்டியவருக்கு 2017இல் அடி. பிறகு தளர்வை நம்பி ஒப்பந்தம் போட்டவருக்கு 2019இல் அடி.

பிறகு எப்படி ஜெயித்தது? கவனிக்க வேண்டிய தேதி 2013 அக்டோபர். ஷி ஜின்பிங் ஜகார்த்தா வந்திருந்தபோது மத்திய சுலாவெசியின் மொரோவாலித் தொழிற்பூங்காவுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. சிங்ஷான் என்ற சீனத் துருப்பிடிக்கா எஃகு நிறுவனம் அதன் பின்னணியில் இருந்தது. தடை வருவதற்கு முன்பே ஆலைக்காரர் வந்துவிட்டார். கையில் மலிவான உருக்குத் தொழில்நுட்பம், பின்னால் சீன வங்கிக் கடன், முன்னால் எஃகுச் சந்தை. சாப்ரோலைட் தாதுவை இந்த அளவுக்குத் தரக்கூடிய வேறு நாடும் இல்லை. பிலிப்பைன்ஸ் உண்டு, ஆனால் அங்கே தரம் குறைவு, மழைக்காலத்தில் ஏற்றுமதி தேங்கும்.

இதே மருந்தை அலுமினியத் தாதுவான பாக்ஸைட்டுக்குக் கொடுத்தபோது வேலை செய்யவில்லை. 2023 ஜூனில் பாக்ஸைட் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. சீனா கினியாவிடமும் ஆஸ்திரேலியாவிடமும் வாங்கிக்கொண்டது. உள்நாட்டில் திட்டமிட்ட அலுமினா ஆலைகள் பலவும் காகிதத்திலேயே நின்றன. மேற்குக் கலிமந்தானில் தோண்டியவர்கள் வாங்க ஆளில்லாமல் நின்றார்கள். செம்பில் இன்னொரு விதம்: அமெரிக்க நிறுவனமான ஃப்ரீபோர்ட்டின் பாப்புவா சுரங்கத்தில் அரசு 2018இல் 51 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது, ஏற்றுமதியை நிறுத்தினால் தன் பாக்கெட்டிலேயே கை வைப்பதாகும். கெடு தள்ளிக்கொண்டே போனது. கிழக்கு ஜாவாவின் கிரெசிக்கில் கட்டிய புதிய உருக்காலையில் 2024 அக்டோபரில் தீப்பிடிக்க, மறுபடியும் விலக்கு. வாங்குபவருக்கு வேறு வழி இருக்கிறதா, ஆலைக்காரர் தயாராக இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் சாதகமான பதில் கிடைத்தது நிக்கலில் மட்டுமே. தடையைப் பொது மருந்தாகப் பரிந்துரைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இனி பணம். நிக்கல் ஏற்றுமதி மதிப்பு 17 டிரில்லியன் ரூபியாவிலிருந்து 510 டிரில்லியனாக உயர்ந்தது என்று ஜோகோ விடோடோ மேடைதோறும் சொன்னார். 2023 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ஃபைசால் பஸ்ரி இதைக் கடுமையாக மறுத்தார். பலனில் 90 சதவீதம் சீனாவுக்கே போகிறது என்பது அவர் வாதம். அந்தச் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு இரு தரப்பும் மோதின. சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். கேட்ட கேள்வி சரி. ஏற்றுமதி மதிப்பு என்பது வருமானமே அல்ல. அதிலிருந்து இறக்குமதி இயந்திரத் தேய்மானம், வெளிநாட்டுக் கடன் வட்டி, தாய் நிறுவனத்துக்குப் போகும் லாபம், வெளிநாட்டுப் பணியாளர் சம்பளம் எல்லாம் கழிய வேண்டும். கழித்த பின் நாட்டில் தங்குவது தாதுக்குக் கொடுத்த விலை, உள்ளூர்க் கூலி, நிலக்கரி, அரசுக்கு வந்த வரி. இவற்றில் பெரியது தாது விலை. அதை யார் எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதில்தான் மொத்த விவகாரமும் அடங்கியிருக்கிறது.

தடை போட்டதும் சுரங்கக்காரருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் போய்விட்டார். மிஞ்சியவர் பக்கத்து ஆலைக்காரர். சொன்ன விலைக்கு விற்க வேண்டிய நிலை வந்ததால் 2020இல் அரசு ஓர் அடிப்படை விலையைக் கட்டாயமாக்கியது. அந்தச் சூத்திரம் இது: நிக்கல் சதவீதம் × திருத்தக் காரணி × அரசு மாதந்தோறும் அறிவிக்கும் நிக்கல் குறிப்பு விலை × (1 கழித்தல் ஈர விகிதம்). 1.9 சதவீதத் தாதுவுக்குத் திருத்தக் காரணி 20 சதவீதம். நிக்கல் 0.1 குறையக் குறைய, காரணியும் ஒவ்வொரு புள்ளி இறங்கும். குறிப்பு விலை டன்னுக்கு 16,000 டாலர், ஈரம் 35 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 1.8 சதவீதத் தாதுவுக்கு ஈர டன்னுக்கு 35 டாலர் 60 சென்ட் வரும். 1.5 சதவீதத்துக்கு 25 டாலர். தரமும் காரணியும் சேர்ந்தே இறங்குவதால் அடி இரட்டிப்பு: நிக்கல் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, விலை 30 சதவீதம் விழுந்தது.

இங்கேதான் தகராறு. படகில் ஏற்றும்போது சரக்கின் தரத்தை ஆய்வு செய்யும் ஒரு சர்வேயர் மாதிரி எடுத்து 1.8 என்று சான்று தருவார். ஆலைத் துறைமுகத்தில் இறக்கும்போது ஆலைக்காரர் அமர்த்திய சர்வேயர் 1.5 என்பார். 8,000 டன் ஏற்றிய ஒரு படகுக்கு இந்த வித்தியாசம் ஏறத்தாழ 85,000 டாலர். தாது சீரானதல்ல, மேலே அள்ளிய கைப்பிடியும் அடியில் எடுத்த கைப்பிடியும் ஒன்றுபோல் இருக்காது. மாதிரி எடுக்கும் முறையைச் சற்று வளைத்தாலே முடிவு வளையும். மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் படகு காத்துக்கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அடுத்த சரக்கையும் அதே ஆலைக்குத்தான் விற்க வேண்டும். சிறிய சுரங்கக்காரர் வாயை மூடிக்கொள்வார். 2024 முதல் தாதுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆலைகள் அடிப்படை விலைக்கு மேல் கூடுதல் கொடுத்து வாங்கத் தொடங்கிய பிறகுதான் பலம் கொஞ்சம் மாறியது.

அரசின் பங்குக்கு வருவோம். இங்கே இரண்டு அமைச்சகங்களுக்கு நடுவே ஓர் ஓட்டை. சுரங்கங்கள் எரிசக்தி, கனிம வள அமைச்சகத்தின் கீழ். உருக்காலைகளில் பெரும்பாலானவை தொழில்துறை அமைச்சகத்தின் உரிமத்தில் இயங்குபவை. அவை சுரங்கச் சட்டத்தின் ராயல்டி, அதாவது கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் பங்கு, என்ற வளையத்துக்கு வெளியே. ராயல்டி தாது விற்பவரோடு முடிந்துவிடுகிறது. அது 10 சதவீதமாக இருந்தது. 2025 ஏப்ரலில், விலைக்கேற்ப 14 முதல் 19 சதவீதம் என்று உயர்த்தினார்கள். ஆக, ஒடுக்கப்பட்ட விலையில் விற்கும் சுரங்கக்காரர் மேல்தான் சுமை கூடியது. ஆலைக்கு நிறுவன வரி 22 சதவீதம் என்றாலும், முதலீடு 30 டிரில்லியன் ரூபியாவைத் தாண்டினால் 20 ஆண்டுக்கு முழு விலக்கு கிடைக்கும். சிறிய முதலீட்டுக்கு 5 ஆண்டு முதல். நிக்கல் பிக் அயர்னுக்கு ஏற்றுமதி வரி போடலாம் என்று 2022இல் எழுந்த பேச்சு பேச்சாகவே நின்றது.

வரி விலக்கில்லாமல் ஆலை வந்திருக்காது என்பது வழக்கமான பதில். முதல் ஆலைக்கு அது பொருந்தும். தாதுவும் மலிவு, கடலும் பக்கம், போட்டியாளரும் ஏற்கெனவே குடியேறிவிட்டார் என்ற நிலையில் வரிசையில் நின்ற அடுத்தடுத்த ஆலைகளுக்கும் அதே சலுகையைக் கொடுத்ததற்கு நியாயம் சொல்வது கடினம். 2025இல் இந்தோனேசியா உலகளாவிய குறைந்தபட்ச வரியான 15 சதவீதத்தை ஏற்றுக்கொண்டதால், பெரிய பன்னாட்டுக் குழுமங்களுக்குப் பழைய விலக்கின் மதிப்பு இனிக் குறையும். அதே ஆண்டு மார்ச் முதல், எண்ணெய், எரிவாயு நீங்கலான இயற்கை வள ஏற்றுமதியில் கிடைக்கும் டாலர் முழுவதையும் ஓராண்டு உள்நாட்டு வங்கியில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆணையும் வந்தது. அதற்கு முந்தைய விதி 30 சதவீதம், மூன்று மாதம். டாலர் உள்ளே தங்கவில்லை என்பதற்கு அரசே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமாகவே இதைப் படிக்கிறேன்.

மூன்றாவது காகிதம் சுரங்க அனுமதி. சுகார்த்தோ வீழ்ந்த பிறகு 1999இல் வந்த அதிகாரப் பரவல் சட்டம், அனுமதி வழங்கும் பேனாவை மாவட்டத் தலைவர்களிடம் கொண்டு சேர்த்தது. தேர்தல் செலவுக்கு அந்தப் பேனா கைகொடுத்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று அனுமதிகள் விழுந்தன. 2014இல் அதிகாரம் மாகாணத்துக்குப் போனது, 2020இல் மத்திய அரசுக்கு. மேலே போனதால் ஊழல் ஒழிந்ததா? தென்கிழக்குச் சுலாவெசி ஆளுநராக இருந்த நூர் ஆலம், நிக்கல் சுரங்க அனுமதி தொடர்பான ஊழலில் 2018இல் சிறைத்தண்டனை பெற்றார். 2023இல் அதே மாகாணத்தின் மண்டியோடோவில், அந்தாமின் நிலத்தில் திருட்டுத்தனமாகத் தோண்டிய தாது பிடிபட்டபோது, கைதானவர்களில் மத்திய அமைச்சகத்தின் முன்னாள் தலைமை இயக்குநரும் இருந்தார். அங்கே கையாண்ட முறைக்கு வட்டாரத்தில் "பறக்கும் ஆவணம்" என்று பெயர். தோண்டிய இடத்துக்கு அனுமதி கிடையாது. வேறொரு நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் நிலத்தில் தாது இல்லை. இதன் தாது, அதன் காகிதம். ஆலை வாசலில் எல்லாம் சட்டப்படி.

இதை அடைக்க ஒவ்வொரு சுரங்கமும் எவ்வளவு தோண்டலாம் என்று ஒப்புதல் பெறும் பணித்திட்டம் இருக்கிறது, ஆர்கேஏபி என்பார்கள். தாதே இல்லாத நிலத்துக்குப் பெரிய ஒதுக்கீடு வாங்கினால் அதுவே விற்கத்தக்க சரக்காகிவிடுகிறது. மண்டியோடோவுக்குப் பிறகு அதிகாரிகள் கையெழுத்துப் போடப் பயந்தார்கள், ஒப்புதல்கள் தேங்கின. விளைவு: உலகின் மிகப் பெரிய நிக்கல் நாடு 2024இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஏறத்தாழ 1 கோடி டன் தாதுவை இறக்குமதி செய்தது. 2024 ஜூலையில், தோண்டுவது முதல் கப்பலேறுவது வரை அமைச்சகங்களின் தரவை இணைக்கும் சிம்பாரா கணினி முறைக்குள் நிக்கலையும் கொண்டுவந்தார்கள். ராயல்டி கட்டிய ரசீது இல்லாமல் சரக்கு நகரக் கூடாது என்பது நோக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் கணினிக்குள் போகும் முதல் எண்ணை எழுதுபவர் சுரங்க வாசலில் நிற்கும் மனிதர்தான்.

உள்ளூருக்கு என்ன கிடைத்தது? ஹல்மஹேரா அடங்கிய வட மலுகு மாகாணத்தின் பொருளாதார வளர்ச்சி 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் 20 சதவீதத்தைத் தாண்டியது. எண் பிரமாதம். ராயல்டியில் 80 சதவீதம் மாகாணத்துக்கும் மாவட்டங்களுக்கும் திரும்புகிறது என்பதும் உண்மை. ஆனால் அது ஒடுக்கப்பட்ட தாது விலையின் மேல் கணக்கிட்ட ராயல்டி. ஆலைக்குத் தேவையான மின்சாரம் ஆலை வளாகத்துக்குள்ளேயே நிலக்கரியில் தயாராகிறது. 2022இன் அதிபர் ஆணை புதிய நிலக்கரி மின்நிலையங்களைத் தடுத்தபோது, தொழிற்பூங்காக்களுக்கு விலக்கு அளித்தது. லிமோனைட்டை பேட்டரிக்கான பொருளாக மாற்றும் ஆலைகளில் கந்தக அமிலத்தை 250 டிகிரி அளவிலும் உயர் அழுத்தத்திலும் செலுத்துகிறார்கள். ஒரு டன் நிக்கலுக்கு நூறு டன்னுக்கு மேல் கழிவு மிஞ்சுகிறது. அதிக மழையும் நிலநடுக்கமும் உள்ள மலைச்சரிவில் அதை அடுக்கி வைக்க வேண்டும். 2025 மார்ச்சில் மொரோவாலியில் அப்படி அடுக்கிய கழிவு சரிந்து தொழிலாளர்கள் புதைந்தார்கள். அதற்கு முன் 2023 டிசம்பர் 24இல் அங்குள்ள ஓர் உருக்காலை வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள்.

இந்த உள்வீட்டு நிலையோடுதான் இந்தோனேசியா வெளியே பேசுகிறது. 1948இல் அன்றைய பிரதமர் முகமது ஹத்தா வகுத்த "எந்த அணியிலும் சேராமல், ஆனால் ஒதுங்கியும் நிற்காமல்" என்ற வெளியுறவு வழி இன்றும் அதிகாரப்பூர்வ நெறி. பிரபோவோ சுபியாந்தோ ஆட்சியில் 2025 ஜனவரியில் பிரிக்ஸில் முழு உறுப்பினரானது. பணக்கார நாடுகளின் ஓஇசிடி அமைப்பில் சேரும் பேச்சும் 2024இலிருந்து நடக்கிறது. முரண்பாடு என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது முரண்பாடாகத் தெரியவில்லை. இரண்டு கடையிலும் விலை கேட்கிற வேலை.

உண்மையான சோதனை வேறு இடத்தில். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் நிக்கல் தடையை உலக வர்த்தக அமைப்புக்கு இழுத்தது. ஐரோப்பா வாங்கிய தாது சொற்பம். கவலை தன் எஃகு ஆலைகளைப் பற்றியது. 2022 நவம்பர் 30இல் தீர்ப்புக் குழு இந்தோனேசியாவுக்கு எதிராகச் சொன்னது: தாது தீரப்போகிறது என்ற வாதம் எடுபடவில்லை, ஏனெனில் தடை தற்காலிகமானதல்ல. டிசம்பரில் ஜகார்த்தா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமர்வோ நீதிபதி நியமனங்களை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து செயலிழந்து கிடக்கிறது. வழக்கு அப்படியே தொங்குகிறது, தடை தொடர்கிறது. விதியைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் நாடு நீதிமன்றத்தை முடக்கியதால் விதியை மீறியதாகத் தீர்ப்புப் பெற்ற நாடு பிழைத்துக்கொண்டது. பிறகு அதே ஐரோப்பாவோடு 2025 செப்டம்பரில் விரிவான பொருளாதார ஒப்பந்தப் பேச்சை முடித்தார்கள்.

அமெரிக்காவிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. 2025 ஏப்ரலில் 32 சதவீதம் என்று மிரட்டிய சுங்க வரி, ஜூலையில் 19 ஆகக் குறைந்தது. அதற்கான கூட்டறிக்கையில், முக்கியக் கனிமங்கள் உட்பட்ட தொழில்துறைச் சரக்குகளை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வதற்கான தடைகளை நீக்குவதாக ஒரு வரி. கச்சாத் தாதுக்கு அது பொருந்தாது, பதப்படுத்தியதற்கு மட்டுமே என்று ஜகார்த்தா விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. சீனாவோடும் இப்படி ஒரு வரி: 2024 நவம்பரில் பிரபோவோ பெய்ஜிங் சென்றபோது வெளியான அறிக்கை, "ஒன்றன்மேல் ஒன்று படியும் உரிமை கோரல்கள்" உள்ள கடற்பரப்பில் கூட்டு மேம்பாடு என்றது. தன் வடக்கே உள்ள நாத்துனா கடலில் சீனா வரைந்த எல்லைக்கோட்டை ஏற்பதில்லை என்ற பழைய நிலைக்கு அது நேர் எதிர். வெளியுறவு அமைச்சகம் உடனே மறுத்தது. உருக்காலைகளின் பெரும்பகுதி ஒரே நாட்டின் மூலதனத்தில் இருக்கும்போது அதிகாரிகள் இத்தகைய வரிகளை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டாமா?

நம்பகத்தன்மைக்கு அடி விழுந்த இன்னொரு இடம் நிலக்கரி. உற்பத்தியில் 25 சதவீதத்தை, மின்நிலையங்களுக்கு டன்னுக்கு 70 டாலர் உச்சவிலையில், உள்நாட்டில் விற்க வேண்டும் என்பது விதி. உலக விலை அதைவிட இரு மடங்குக்கு மேல் போனபோது சுரங்கங்கள் விதியைத் தட்டிக்கழித்தன. மின் வாரியத்தின் கையிருப்பு வற்றியது. 2022 ஜனவரி 1இல் மொத்த ஏற்றுமதியையும் நிறுத்தினார்கள். ஜப்பானும் தென்கொரியாவும் பிலிப்பைன்ஸும் முறையிட்டன. சில வாரங்களில் தளர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28இல் பாமாயில், மே 23இல் மீண்டும் திறப்பு. உள்நாட்டு விதியை அமல்படுத்த முடியாத போதெல்லாம் துறைமுகத்தைப் பூட்டுவது பழக்கமாகிவிட்டது.

சந்தையும் காத்திருக்கவில்லை. இந்தோனேசிய நிக்கல் வெள்ளமாகப் பெருக, 2022இல் உச்சம் தொட்ட விலை 2024–25இல் 15,000–16,000 டாலருக்கு இறங்கியது. ஆஸ்திரேலியாவிலும் நியூ கலிடோனியாவிலும் ஆலைகள் மூடப்பட்டன. மின்வாகனங்களில் நிக்கலே இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பாதிச் சந்தையை நெருங்கிவிட்டன. 2025 ஏப்ரலில் தென்கொரியாவின் எல்ஜி தலைமையிலான குழு பெரிய பேட்டரித் திட்டத்திலிருந்து விலகியது.

இப்போது அரசு தாதுவை இறுக்கிப் பிடித்து விலையை உயர்த்தப் பார்க்கிறது. 2023இல் மூன்றாண்டுக்கு என்று மாற்றிய ஆர்கேஏபி, 2026 முதல் மீண்டும் ஓராண்டுக்கே. ஒதுக்கீட்டைக் குறைத்தால் தாது விலை ஏறும், ராயல்டியும் ஏறும், பழைய ஆலைகளின் லாபம் சுருங்கும். வரி விலக்கு தராத பலனைக் கொஞ்சம் இதில் மீட்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு நூற்றுக்கணக்கான சுரங்கங்களின் மனுக்களை ஒரே இயக்குநரகம் நேரத்துக்குப் படித்து முடிக்க வேண்டும். தாமதமானால் பிலிப்பைன்ஸ் கப்பல்கள் மறுபடியும் மொரோவாலிக்கு வரும். பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் 2025 ஜூனில் தன் தாது ஏற்றுமதித் தடை யோசனையைக் கைவிட்டுவிட்டது. அந்தப் பக்கம் கதவு திறந்தே இருக்கிறது.